ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடம்: கீழே கடை, மேலே வீடு. மெட்ராஸ் டெரஸை இடிக்காமல் புதுப்பிப்பது எப்படி?

முத்தியால்பேட்டை_24அடி (கேள்வி)

வணக்கம். முத்தியால்பேட்டையில், பாரிமுனையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு குடும்பச் சொத்து. முகப்பு 24 அடி, உள்நீளம் 92 அடி. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். தரைத்தளமும் முதல் மாடியும் முழுசாக இருக்கின்றன. நடுவில் 10க்கு 12 அடி முற்றம் உண்டு, அதைத் தகர ஷீட் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கீழே சுவர் 18 அங்குலம், மேலே 14. எல்லாமே சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல். முதல் மாடித் தளம், மொட்டை மாடி இரண்டும் மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் போட்ட தளம்.

திட்டம் இதுதான்: கீழே தெருப்பக்கம் இரண்டு கடை, பின்னால் ஒரு ஆபீஸ், மேலே ஒற்றைப் படுக்கையறையோடு மூன்று வீடு.

இன்றைய நிலவரம்: மழைக்கு மொட்டை மாடி ஒழுகுகிறது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் ஏழு உத்திர முனைகள் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகின்றன. தரைத்தளத்தில் ஐந்தடி உயரத்துக்கு யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அது உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. வந்து பார்த்த ஒருவர் கூரையை முழுசாக எடுத்துவிட்டு ஆர்.சி.சி. போடுங்கள், லேசாகவும் இருக்கும், ஒழுகவும் செய்யாது என்கிறார். கடைக்கு இடம் பெரிதாகக் கிடைக்கக் கீழே ஒரு குறுக்குச்சுவரில் பத்தடி எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார்.

உத்திரத்தை என்ன செய்வது? கூரை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? மூன்று வீட்டுக்கும் குளியலறை எங்கே வைப்பது? அனுமதிக்கு யாரிடம் போக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சுமைக்கணக்கு

குறுக்குச்சுவரிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் ஆள் போகும்.

உங்கள் அளவுக்குத் தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் நான்கு மீட்டர் அறை என்று வைத்துக்கொண்டால், மேலே நிற்கும் 14 அங்குலச் சுவர், முதல் மாடித் தளம், அதன் மேல் புழங்கும் சுமை, கூரை எல்லாம் சேர்ந்து சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 7 டன் இறங்குகிறது. பத்தடி எடுத்தால் 21 டன். அது இரண்டு முனைக்கும் பத்துப் பத்தரை டன்னாகப் பிரிந்து விழும். பழைய சுண்ணாம்புக் காரைச் செங்கல் சுவரை நம்பி சதுர மீட்டருக்கு 30 முதல் 40 டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது. அப்படியென்றால் கர்டர் உட்காரும் இடத்தில் 18 அங்குலச் சுவரில் இரண்டேகால் அடி நீளத்துக்குக் கருங்கல் அல்லது கான்கிரீட் தாங்குகல் வேண்டும். ஒன்பது அங்குலம் உட்கார வைத்துவிட்டுப் பூசி மூடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. கொஞ்ச நாளில் முனைக்குக் கீழே செங்கல் நொறுங்கி, மேலே சாய்வாக விரிசல் ஓடும்.

இன்னொன்று, பழைய அஸ்திவாரம் நீளவாக்கில் ஒரே சீராக வரும் சுமைக்குப் போட்டது. இப்போது அதை இரண்டு புள்ளியில் அழுத்துகிறீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு கர்டர் மட்டும் போதாது. இரண்டு பக்கத் தூண், கீழே தரைக்கடியில் ஒரு உத்திரம், நான்கும் சேர்ந்த பெட்டிச் சட்டமாக இரும்பில் செய்ய வேண்டும். பத்தடி இடைவெளிக்கு நடுவில் 6 மி.மீ.க்கு மேல் தொய்யாதபடி கர்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வலுக்கணக்குக்குச் சரியாக வரும் கர்டர் தொய்வுக்கணக்கில் பெரும்பாலும் போதாது. சுவருக்கும் கர்டருக்கும் நடுவில் இரும்பு ஆப்பு அடித்து இறுக்கி, சுருங்காத கிரவுட்டை அழுத்தி நிரப்பி, அது இறுகிய பிறகுதான் ஊசி முட்டுகளை (வேலை நடக்கும்போது சுவருக்குக் குறுக்கே நுழைத்து மேல்சுமையைத் தாங்கும் முட்டுகள்) எடுக்கலாம்.

92 அடி நீளத்துக்கு ஓடும் பொதுச்சுவர்கள் சாயாமல் பிடித்திருப்பவை இந்தக் குறுக்குச்சுவர்கள்தான். அதனால் என் கருத்து: சுவரை விட்டுவிடுங்கள். நான்கடி அகலத்தில் இரண்டு வளைவு வாசல் வைத்து, நடுவில் மூன்றடிக்குக் குறையாமல் சுவர் நிற்கட்டும். கடைக்கு அது போதும்.

ஆர்.சி.சி. லேசு என்பது தவறு. ஐந்து அங்குல கான்கிரீட் சதுர மீட்டருக்கு 310 கிலோ. அதன்மேல் வெதரிங் கோர்ஸ் (வெயில், மழையைத் தடுக்கும் மேலடுக்கு) போட்டால் 480, 500 வரும். இப்போது இருக்கும் டெரஸ் உத்திரம் நீங்கலாக 330, 350 கிலோதான். அடுத்தது வெயில். 92 அடி கான்கிரீட் பலகை 30 டிகிரி சூடேறினால் 8 மி.மீ. நீளும், இரவில் சுருங்கும். சுண்ணாம்புச் சுவர் அந்தத் தள்ளலைத் தாங்காது. ஸ்லாபுக்குக் கீழே கிடைமட்டமாக, மூலைகளில் சாய்வாக விரிசல் வரும். அதன்பின் ஒழுகல் அந்த விரிசல் வழியாகத் தொடங்கும். ஸ்லாப் உட்காரப் பொதுச்சுவரில் காடி வெட்டவும் வேண்டும். அதே சுவரின் மறுபக்கத்தில் பக்கத்து வீட்டு உத்திர முனைகள் உட்கார்ந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உத்திர முனைகளுக்கு வருவோம். எல்லா உத்திரத்தையும் பாருங்கள், ஏழு மட்டும் அல்ல. ஸ்க்ரூ டிரைவர் மேல்தோலைத்தான் காட்டும். 6 மி.மீ. துரப்பணத்தால் சுவரை ஒட்டி, சுவருக்குள் போகும் கோணத்தில் ஒரு துளை போடுங்கள். வெளியே வரும் தூள் சுருள் சுருளாக, தேக்கு வாசனையோடு வந்தால் மரம் நன்றாக இருக்கிறது. கருப்பாக, மாவாக வந்தால் அழுகல். எங்கே நல்ல மரம் ஆரம்பிக்கிறது என்று 3 அங்குலத்துக்கு ஒரு துளையாகப் பின்னுக்கு வந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அழுகல் ஒன்றரை அடிக்குள் என்றால் உத்திரத்தின் இரண்டு பக்கமும் 100 அல்லது 125 மி.மீ. இரும்புச் சேனல் வைத்து, 12 மி.மீ. போல்ட்டால் சேர்க்கலாம். அழுகிய நீளத்தைப் போல் மூன்று மடங்கு நல்ல மரத்தின்மேல் சேனல் ஓட வேண்டும். முனை சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு கருங்கல் துண்டு. அடுத்தடுத்து நான்கைந்து முனை கெட்டிருந்தால் தனித்தனியாகச் செய்வது வீண். சுவரை ஒட்டி, உத்திரங்களுக்குக் கீழே ஒரே 150 மி.மீ. ஐ-பீமைக் குறுக்கே ஓடவிட்டு, குறுக்குச்சுவரிலோ தாங்குகல்லிலோ உட்கார வைப்பது சுத்தமான வேலை. கீழே இருந்து பார்த்தால் பீம் தெரியும். தெரியட்டும், பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

முட்டுக் கொடுக்கும்போது முதல் மாடியில் மட்டும் நிறுத்தக் கூடாது. அதே நேர்கோட்டில் தரை வரை முட்டு இறங்க வேண்டும். தொய்ந்த உத்திரத்தை ஜாக்கி போட்டு நிமிர்த்தாதீர்கள். சுமையை வாங்கிக்கொள்ளும் அளவு, ஒன்றிரண்டு மி.மீ., இறுக்கினால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் இடையில் உள்ள சாய்வுச் செங்கல் பிடியை விட்டுவிடும். வேலை முடிந்து முனையை அடைக்கும்போது மரத்தைச் சுற்றி சிமென்ட் வைத்து இறுக்கக் கூடாது. பக்கவாட்டில் அரை அங்குலம் காற்று போக விடுங்கள். முனை அழுகியதற்கே காரணம் ஈரம் வெளியேற வழியில்லாததுதான்.

கடைசியாக ஒன்று. இந்தியத் தர விதி 875 வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ, சில்லறைக் கடைக்கு 400, மொத்த வியாபாரத்துக்குக் குறைந்தது 600 என்று புழங்கும் சுமை வைக்கிறது. மேல் மாடி வீடாக இருக்கும் வரை சரி. அந்த வட்டாரத்தில் காலி அறை இருந்தால் குடோனுக்குக் கேட்டு வருவார்கள். நான்கடி உயரத்துக்குப் பேப்பர் கட்டு அடுக்கினால் சதுர மீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும். வாடகை எவ்வளவு சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

---

காரைவேலை_வடசென்னை

சுமைக்கணக்கு சார் சொன்னதுக்கு மேல கூரை வேலையைச் சொல்றேன்.

முதல்ல எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிங்க. மெட்ராஸ் டெரஸ் நட்ட நடுவுல ஒழுகறது குறைவு. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலை, தண்ணிக் குழாய் வாய், பிற்பாடு யாராவது நட்ட கேபிள் கம்பி, டிஷ் ஆன்டெனா போல்ட், இந்த நாலு இடத்துலதான் தண்ணி இறங்கும். உங்க உத்திரம் கைப்பிடிச் சுவர் ஓரத்துல கெட்டிருக்குன்னா காரணம் மூலைதான். சின்னப் பரப்பா மண் அணை கட்டி ரெண்டங்குலம் தண்ணி தேக்கி, இடம் இடமா சோதிச்சுப் பாருங்க. முழு மாடியிலயும் ஒரே நேரத்துல தண்ணி தேக்காதீங்க, கெட்ட முனை மேல அந்தச் சுமை ஆபத்து.

மேல பதிச்ச தட்டோடு (தட்டையான ஓடு) பேர்ந்து, கீழ ஜல்லிக் காரை கெட்டியா இருந்தா தட்டோட்டை மட்டும் மாத்தினா போதும். சுத்தியலால தட்டுங்க. கணீர்னு வந்தா கெட்டி. பொத்பொத்துன்னு வர்ற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து மறுபடி போடலாம். இதை பிரேக்கர் வச்சு உடைக்கவே கூடாது, உளியும் சுத்தியலும்தான். பிரேக்கர் அதிர்வுக்குக் கீழ இருக்கற செங்கல் வரிசை கழண்டு தலையில விழும்.

அடுக்கு எப்படின்னா: உத்திரம் ஒண்ணரை அடி முதல் ரெண்டடி இடைவெளியில. அதுக்கு மேல 6க்கு 3க்கு 1 அங்குல மெல்லிசு டெரஸ் செங்கல், குத்துவாட்டுல, அறையோட மூலையிலிருந்து ஆரம்பிச்சு சாய்கோணமா வரிசை வரிசையா ஒட்டிக்கிட்டுப் போறது. சாரப்பலகை கிடையாது. காரையோட பிடியிலயே முந்தின வரிசையில ஒட்டி நிக்கும், அதனாலதான் மூலையிலிருந்து ஆரம்பிக்கறது. நூறு சதுர அடிக்கு 1,500 முதல் 1,700 கல் ஆகும். இந்தச் சைஸ் கல் இப்ப கடையில கிடைக்காது, சூளையில சொல்லிச் சுடணும் இல்ல இடிக்கற வீட்டுலருந்து வாங்கணும். முழு வேலைக்கு ஆளைப் பேசறதுக்கு முன்னாடி கல்லுக்குச் சொல்லிடுங்க. வேலை நிக்கறது பெரும்பாலும் இந்தக் கல்லுக்காகத்தான்.

அதுக்கு மேல மூணங்குலம் செங்கல் ஜல்லிக் காரை. நூறு சதுர அடிக்கு 30 கன அடி ஜல்லி, 12 கன அடி சுண்ணாம்புக் கலவை. ஜல்லி முக்கால் முதல் ஒரு அங்குலம், நல்லா வெந்த செங்கல்லருந்து உடைச்சது. ஜல்லியை முதல் நாளே தண்ணியில ஊற வச்சிடணும். காய்ஞ்ச ஜல்லி காரையில இருக்கற ஈரத்தைக் குடிச்சிடும், அப்புறம் காரை மண்ணா உதிரும்.

சுண்ணாம்பு பை மாவு வேண்டாம், கிளிஞ்சலோ கல்லோ சுட்ட சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில நீத்து, ரெண்டு வாரமாவது தண்ணிக்கு அடியில கிடக்கட்டும். நீறாத குருணை இருந்தா பூசினப்புறம் பூரிச்சு அம்மைத் தழும்பு மாதிரி பொட்டுப் பொட்டாப் பேரும். சல்லடையில வடிகட்டித்தான் அரவைக்குப் போகணும். அடிக்கற காரைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு மணல், ஒரு பங்கு செங்கல் பொடி. செங்கல் பொடி சேர்த்தாத்தான் ஈரத்துலயும் இறுகும்.

கடுக்காயை உடைச்சு, கொட்டையை எடுத்துட்டு, தோலை ஊற வைங்க. தண்ணி கட்டி டீ நிறத்துக்கு வந்ததும் வடிச்சு, கரைச்ச பனைவெல்லத்தோட சேர்த்துத் தெளிக்கணும். வெல்லம் அதிகமானா காரை இறுகாம நமநமன்னு இருக்கும், எறும்பும் ஏறும்.

இப்ப முக்கியமான வேலை, கட்டை அடி. ஜல்லியைப் பரப்பினதும் வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிக்கணும். முதல் நாள் மெதுவா, அடுத்தடுத்த நாள் வேகமா, அப்பப்ப கடுக்காய்த் தண்ணி தெளிச்சு. கட்டை தளத்துல பட்டதும் பதியாம எகிறணும், பால் மேல வந்து பளபளன்னு நிக்கணும். அது வரைக்கும் விடக்கூடாது. சாதாரணமா அஞ்சாறு நாள் ஆகும். ஒரே நாள்ல அடிச்சு முடிச்சுத் தர்றேன்னு சொல்ற ஆளுக்கு வேலையைக் கொடுக்காதீங்க. அடிக்கறப்பக் கீழ முட்டு இருக்கணும், அது கட்டாயம்.

வாட்டம் அறுபதுக்கு ஒண்ணு. முப்பதடிக்கு ஆறங்குலம். 400 சதுர அடிக்கு ஒரு நாலங்குலக் குழாய். கைப்பிடிச் சுவர் மூலையில ஆறங்குல உயரத்துக்குக் கால்வட்டமா உருட்டிப் பூசி, தட்டோட்டைச் சுவருக்குள்ள ஒரு அங்குலம் காடி வெட்டி நுழைச்சிருங்க. ஒழுகலை நிறுத்தறது இந்த ஒரு அங்குலம்தான். 9க்கு 9 தட்டோடு நூறு சதுர அடிக்கு 185 வாங்குங்க, உடைசல் சேர்த்து.

சீசன்: ஜனவரியில ஆரம்பிங்க, மார்ச்சுக்குள்ள கூரை முடியணும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் திறக்கவே கூடாது. ஏப்ரல், மே ஆயிடுச்சுன்னா வெயில்ல மேல்தோல் மட்டும் காய்ஞ்சு உள்ள பச்சையா நிக்கும். அப்ப ஈரச் சாக்குப் போட்டு மூடியே வைக்கணும்.

சிமென்ட் பூச்சு விஷயம். அதை எடுங்க. சிமென்ட் பூசினா தரையிலருந்து ஏறற ஓதம் வெளிய வர வழியில்லாம சுவருக்குள்ளயே இன்னும் மேல ஏறும். அதான் மூணடியில நின்ன ஈரம் அஞ்சடிக்குப் போறது. ஈரக் கோட்டுக்கு மேல மூணடி வரைக்கும் சேர்த்துக் கொத்தி எடுத்து, இணைப்புக் காரையை முக்கால் அங்குலம் சுரண்டிவிட்டு, உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு அள்ளிக் குப்பையில போடுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு மறுபடி உள்ள போயிடும். அப்புறம் ஒண்ணுக்கு மூணு சுண்ணாம்பு மணல் பூச்சு, மெல்லிசா ஒரு கை. அது உப்பை உறிஞ்சிக்கறதுக்காக மட்டும், சில மாசத்துல அதையும் எடுத்துட்டு நிஜப் பூச்சைப் பூசணும். ஒவ்வொரு கையும் அரை அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. மேல சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன், வால் புட்டி ரெண்டும் வேண்டாம்.

சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு மாசம்னு ஒரு கணக்கு உண்டு. 18 அங்குலச் சுவர் ரெண்டு பக்கமும் காய்ஞ்சாலும் ஒன்பது மாசம். கடைக்கு வாடகைக்கு வர்றவங்க வந்ததும் பிளைவுட், ஏ.சி.பி. ஷீட்டு ஒட்டி மூடப் பார்ப்பாங்க. சுவருக்கும் பேனலுக்கும் ரெண்டங்குலம் இடைவெளி விட்டு, கீழயும் மேலயும் காத்து வழி வைக்கணும்னு அக்ரிமென்ட்லயே எழுதிருங்க.

---

முத்தியால்பேட்டை_24அடி

மிக்க நன்றி. கூரையை வைத்துக்கொள்வது என்று முடிவு. இரண்டு சந்தேகம். மொட்டை மாடித் தட்டோட்டின் மேல் வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கோட்டிங் அடிக்கலாமா? நடு வீட்டுக்கு முற்றத்தை ஒட்டி இருக்கும் பழைய அறையிலேயே குளியலறை வைத்துவிடலாமா, தளத்தை எட்டு அங்குலம் உயர்த்தி?

---

குழாய்_வழி

குளியலறையை மெட்ராஸ் டெரஸ் தளத்தின்மேல் வைக்க வேண்டாம். எட்டு அங்குலம் உயர்த்தச் செங்கல் துண்டு போட்டு நிரப்புவார்கள், அது ஒன்றே சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல். அதைவிட மோசம், நஹனி ட்ராப் (தரை வடிகால் கிண்ணம்) மூட்டில் கசியும் நீர் அந்த நிரப்பலுக்குள்ளேயே தேங்கி, கீழே சொட்டுவதற்கு முன் உத்திரத்தை அரித்துவிடும். கீழ்க்கடைக் கூரையில் ஈரம் தெரியும்போது மரம் போயிருக்கும்.

உங்களுக்கு முற்றம் இருப்பது பெரிய வசதி. தகர ஷீட்டை எடுத்துவிடுங்கள். 10க்கு 12 அடியில் ஒரு பக்கமாக 5க்கு 10 அடி எடுத்துக்கொண்டு, தனி அஸ்திவாரத்தில் நான்கு இரும்புத் தூண் நிறுத்தி, மேலே டெக் ஷீட் (நெளி இரும்புத் தகடு) போட்டு நான்கு அங்குல கான்கிரீட். பழைய சுவரோடு எங்கும் ஒட்டாமல் இரண்டு அங்குலம் இடைவெளி. அதில் அடுத்தடுத்து இரண்டு குளியலறை வரும். மூன்றாவது வீட்டுக்குப் பின்பக்கம் இதே மாதிரி ஒரு சின்னச் சட்டம். மீதி முற்றம் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் திறந்தே இருக்கட்டும். அதை மூடினால் நடு வீட்டுக்குச் சன்னலே இருக்காது, சுவரும் காயாது. தூண் அஸ்திவாரத்தைப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அதற்கு மேலேயே அகலமாகப் போடுங்கள்.

பின்பக்கம் வழியாகக் கழிவு நீர் போகும் கோப்பையைச் சுவரில் தொங்கவிடுங்கள். அப்போது 110 மி.மீ. குழாய் தளத்துக்குள் இறங்காமல் தளத்துக்கு மேலேயே நாற்பதுக்கு ஒன்று வாட்டத்தில் ஓடி, வெளியே நிற்கும் செங்குத்துக் குழாயில் சேரும். அந்தக் குழாய் மொட்டை மாடிக்கு மேலே மூன்றடி காற்றுக் குழாயாகப் போக வேண்டும். சமையலறைத் தொட்டிக் குழாயும் இதே பக்கம் வரும்படி வீட்டு வரைபடத்தைத் திருப்புங்கள். பழைய சுவருக்குள் எந்தத் தண்ணீர்க் குழாயும் புதைக்க வேண்டாம். கிளாம்ப் போட்டு வெளியே ஓடட்டும், கசிந்தால் அன்றே கண்ணில் படும்.

தண்ணீர் டேங்க் ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன். டெரஸ் நடுவில் வைக்கக் கூடாது. அந்த முற்றச் சட்டத்தையே இன்னொரு மட்டம் உயர்த்தி அதன்மேல் வையுங்கள், இல்லையென்றால் சுவரிலிருந்து சுவருக்கு இரண்டு கர்டர். ஏ.சி. வெளி யூனிட்டுகளும் அந்தச் சட்டத்திலேயே. ஏ.சி. தண்ணீர்க் குழாயைச் சுவர் ஓரத்தில் தொங்கவிடுவதைத் தடுத்தே ஆக வேண்டும். கோடைக் காலத்தில் நாள் முழுக்க அந்த ஒரே இடத்தில் சொட்டி, சுவரின் அடிக்காரை கரைந்துபோகும்.

உங்கள் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று லெவல் பிடித்துப் பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்த இடங்களில் பழைய கடைவாசல்கள் பள்ளமாகிவிட்டன. அப்படியிருந்தால் தரையைக் கிரானைட்டோ விட்ரிஃபைட் டைலோ போட்டு அடைக்காதீர்கள், ஈரம் முழுதும் சுவரில் ஏறும். மணல் படுக்கை, சுண்ணாம்பு கான்கிரீட், மேலே கடப்பாக் கல், இணைப்பில் சுண்ணாம்பு. வாசலில் நீக்கி மாட்டும் வெள்ளத் தடுப்புப் பலகைக்குப் பள்ளச் சட்டம், சாக்கடை இணைப்பில் திரும்பி வராத வால்வு. இரண்டும் வேண்டும்.

---

காரைவேலை_வடசென்னை

கோட்டிங் கேள்விக்கு: புதுத் தளத்துல ஒரு மழைக்காலம் தாண்டற வரைக்கும் எதுவும் அடிக்காதீங்க. உள்ள இருக்கற ஈரம் மேல வழியாத்தான் போகணும். பிளாஸ்டிக் படலம் போட்டு மூடினா அந்த ஈரம் உத்திரத்துப் பக்கம் இறங்கும், கோட்டிங்கும் கொப்பளம் கொப்பளமாக் கிளம்பும். வெயிலுக்காகன்னா சுண்ணாம்பு வெள்ளை ரெண்டு கை அடிச்சா போதும், வருஷா வருஷம் புதுப்பிக்கலாம்.

---

சுமைக்கணக்கு

இதில் ஒரு சிறு மாறுபாடு. தண்ணீர்க் குழாய் வாயைச் சுற்றி இரண்டடிக்கும், கைப்பிடிச் சுவர் மூலைக்கும் மட்டும் நீராவி கடக்கவிடும் வகைக் கோட்டிங் அடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. முழுப் பரப்புக்கும் வேண்டாம் என்பதில் அவரோடு ஒத்துப்போகிறேன்.

---

வரைபட_அனுமதி

அனுமதிப் பக்கம்.

முதல் வேலை, கட்டடம் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது. அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஒட்டி அமைந்த பாரம்பரியப் பாதுகாப்புக் குழு இதைக் கவனிக்கிறது. பட்டியலில் இருந்தால் முகப்பில் கை வைக்கும் எந்த வேலைக்கும் குழுவின் ஒப்புதல் வேண்டும், கடைப் பெயர்ப்பலகை உட்பட.

இரண்டாவது, மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களின் தூரம். ஜார்ஜ் டவுன்காரர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தின் பழைய கலங்கரை விளக்கம், பழைய நகரச் சுவர் இவையெல்லாம் பாதுகாக்கப்பட்டவை. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அடுத்த 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடத்தைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க மட்டும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் சான்று வாங்கிச் செய்யலாம். எனவே அந்தப் பகுதிக்குள் வந்தால், இடித்த பிறகு திரும்பக் கட்டவே முடியாமல் போகலாம். எந்தச் சுவரைத் தொடுவதற்கு முன்பும் இந்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, திட்ட அனுமதி. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். மேல் மாடியை மூன்று தனி வீடாகப் பிரிப்பது, பயன்பாடு மாறுவது இரண்டும் வெறும் மராமத்துக் கணக்கில் வராது. வரைபடத்தோடு, பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் உறுதிச் சான்று இணைத்து விண்ணப்பியுங்கள். வாகன நிறுத்தம்தான் இடிக்கும். 24 அடி முகப்பில் கார் நிறுத்தம் காட்ட முடியாது. இருக்கும் கட்டடத்தைத் தக்கவைத்து உள்ளே மாற்றுகிறோம் என்ற அடிப்படையில்தான் வரைபடம் போக வேண்டும். இடித்துப் புதிதாகக் கட்டினால் இன்றைய நிறுத்த விதியும் தெரு அகலப்படுத்தும் கோடும் சேர்ந்து தரைத்தளக் கடையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பழையதை வைத்துக்கொள்வதற்கு இது நல்ல பணக் காரணமும்கூட.

கீழே பழைய வாடகைதாரர்கள் இருந்தால், வேலை தொடங்கும் முன் எழுத்தில் ஒப்பந்தம்: எந்தத் தேதிக்குக் காலி செய்வது, எந்தத் தேதிக்குத் திரும்புவது, எந்த அளவு இடம், என்ன வாடகை. 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பிறகு எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். பகடி (கடை பிடிக்கக் கொடுக்கும் பெரிய முன்பணம்) கொடுத்து உட்கார்ந்தவர்கள் விஷயத்தில் வக்கீல் இல்லாமல் பேச வேண்டாம்.

மின்சாரம்: வீடு ஒவ்வொன்றுக்கும் தனி மீட்டர், கடைகளுக்குத் தனி வணிக இணைப்பு, படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் பொது இணைப்பு. வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு ஒரு ஒயர் இழுத்தாலும் அபராதம். மீட்டர் பலகையைத் தரையிலிருந்து நான்கடிக்கு மேல் வையுங்கள். ஒயரிங் சுவரை வெட்டிப் புதைக்காமல் வெளிப்பக்க இரும்புக் குழாயில். ஒவ்வொரு பலகையிலும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்).

தீ விஷயத்தில் மெட்ராஸ் டெரஸ் நல்ல தடுப்பு. ஆறேழு அங்குலம் செங்கல், காரை. தேக்கு நிமிடத்துக்கு அரை மி.மீ. அளவில்தான் கரியும். அரை மணி நேரத்தில் 15 மி.மீ. போகும், பெரிய உத்திரம் அதன் பிறகும் நிற்கும். புகை ஏறும் வழி படிக்கட்டும், குழாய்த் துளைகளும்தான். வீட்டுப் படிக்கட்டு கடைக்குள் திறக்கக் கூடாது. தெருவுக்கு நேராக, ஒரு மீட்டர் அகலத்துக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் செங்கல் சுவரோடு தனியாக வர வேண்டும். பின்பக்கச் சட்டத்தில் இரும்பு ஏணிப்படி ஒன்றும் சேருங்கள். தளத்தில் இருக்கும் பழைய துளைகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்துவிடுங்கள். கடைகளில் ஃபால்ஸ் சீலிங் போட விடாதீர்கள். ஒழுகல், கரையான், ஒயர் புகை எல்லாம் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். படிக்கட்டுக்குக் கீழே பேட்டரி ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதும் கூடாது. முக்கியமான வெளியேறும் வழி அதுதான். ஹோட்டல், மெஸ் கேட்டு வந்தாலும் மேலே குடித்தனம் இருக்கும்போது அடுப்புக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

---

சுமைக்கணக்கு

கரையான் பற்றி யாரும் சொல்லவில்லை. கூரை வேலைக்கு முன்பே தரைத்தளத்தில் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. அளவில், சுவர்ப் பக்கம் சாய்த்துப் போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்து விட வேண்டும். மேலே மரத்துக்கு மட்டும் மருந்து அடித்தால் வேர் கீழேயே இருக்கும்.

வேலை தொடங்கும் முன் இரண்டு பக்கப் பொதுச்சுவர்களிலும் இருக்கும் விரிசல் ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வந்து காட்டி, அந்தப் பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். முட்டு இறுக்கும் நாளிலும், கட்டை அடிக்கும் நாட்களிலும் காலை, மாலை இரண்டு வேளையும் ஒருவர் போய் அந்தக் கண்ணாடிகளைப் பார்க்க வேண்டும். ஒன்று உடைந்திருந்தாலும் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, முட்டுகளைச் சரிபார்த்த பிறகே தொடருங்கள்.